அரணை எதுவும் காணப்படவில்லை

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரும் பொறுமை இன்று எனக்கில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆஸ்பத்திரி கட்டப்போகும் காலி மனையில் செடி கொடி, ஜீவராசி எல்லாம் கணக்கெடுக்க நீதான் வருகிறாய் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கூடப்பிறந்தவள் என் ஊருக்கு வருவதை ஊரார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் கேட்டிருப்பேன். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. அதோடு இந்த டயாலிசிஸ் வார்டில் போன் பேச விடமாட்டார்கள். நான்கு மணி நேரம் அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸிடம் தாள் வாங்கி எழுதுகிறேன்.

எங்கள் பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். போவதாவது பரவாயில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு திரும்பி வருகிறோமே, அதுதான் கொடுமை. முகம் வெளுத்து, கை சில்லிட்டு, பேச்சே இருக்காது. இருபது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன் ஜன்னலோரம் என் தோளில் சாய்ந்துகொண்டு, வளைவு வந்தால் வலது காலை அழுத்துகிறார், பிரேக் இவரிடம் இருப்பது மாதிரி. போன மாதம் ஒரு நாள் மயங்கி விழுந்தே விட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த அலைச்சல் அவருக்கு ஆகாதும்மா. உங்க ஊர்லயே வசதி வந்துட்டா இன்னும் பல வருஷம் நல்லா இருப்பார்" என்றார்.

வரத்தான் போகிறது. மே மாதம் வேலை தொடங்கினால் நவம்பரில் தரைத்தளம் முடியும். அதில் முதலில் வருவது டயாலிசிஸ், பன்னிரண்டு படுக்கை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அவர் காலண்டரில் நவம்பர் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார்.

குறுக்கே நிற்பது உன் கணக்கெடுப்பு ஒன்றுதான். அந்த மனையில் என்ன இருக்கிறது, முள்ளும் குப்பையும். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடு. அம்மா போனபோது நீ எங்கோ ஒரு ஏரியில் தவளை எண்ணிக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு முறையும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லிக் காட்டுகிறேன்.

சின்னவள்

மார்ச் 12

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் வருவதைச் சொல்லாதது தப்புதான். நீ இப்படிக் கேட்பாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். ஆள் இல்லை என்றார். "உங்க தங்கச்சி அந்த ஊர்ல இருந்தா என்ன, கட்டறது அவங்க வீடா?" என்று சிரித்தார்.

முள்ளும் குப்பையும் என்கிறாய். இரண்டு நாளில் செடி மட்டும் நூற்றுப் பன்னிரண்டு வகை எழுதியிருக்கிறேன். பறவை இருபத்து மூன்று. அவற்றால் உன் ஆஸ்பத்திரிக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, எல்லாம் எங்கும் இருப்பவை. எனக்குக் கவலை ஒன்றே ஒன்றில்தான். குட்டைக்கால் அரணை. மறதிக்காரர்களை அரணை புத்தி என்று திட்டுவோமே, அந்த அரணைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். விரல் நீளம், இருக்கிறதோ இல்லையோ என்று நான்கு கால். இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில்தான் மிச்சம். கிழக்கே இருக்கிற மண்மேட்டின் அடியில் உரித்த சட்டை ஒன்று கிடந்தது. அதை வைத்து எதுவும் எழுத முடியாது, காற்றில் வந்திருக்கலாம். உயிரோடு பார்க்க வேண்டும்.

அதற்கு ஐம்பது தகரத் தகடுகளைப் புல்லின் மேல் பரப்பி, மூன்று வாரம் கைபடாமல் விட்டிருக்கிறேன். வெயில் பட்டு தகரம் சூடாகும்போது அடியில் வந்து படுத்துக்கொள்ளும். பிறகு ஏழு முறை போய், ஒவ்வொரு தகரமாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒரு தடவைதான் தூக்கலாம். ஒரு முறை கலைத்துவிட்டால் அன்று முழுக்க வளையை விட்டு வராது.

ஏப்ரல் 4 தொடங்கி செவ்வாயும் சனியும், காலை ஒன்பது மணிக்கு வருவேன். உன் பஸ் நாள் இல்லாத நாட்களாகப் பார்த்து வைத்தேன். எதிரே டீக்கடை இருக்கிறது. உன் வீட்டில் தங்கினால் என் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். டீ குடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். அரணை இருந்தால் ஆஸ்பத்திரி நின்றுவிடாது. மனையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தடுப்புக் கட்டி, ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து வேறு இடத்தில் விடுவோம். மூன்று மாத வேலை. நவம்பர் என்பது பிப்ரவரி ஆகும். அவ்வளவுதான்.

அம்மா விஷயம். நீ கூப்பிட்டபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். போன் கரையில் பைக்குள் கிடந்தது. பதினோரு வருஷமாக இதை உன்னிடம் சொல்ல நினைத்து, சாக்குச் சொல்வதாகப் படுமே என்று விட்டுவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

அவ்வளவுதான் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மூன்று மாதம் என்றால் முப்பத்தொன்பது தடவை பஸ். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். நீ மட்டும்தான் எண்ணுவாயா?

நேற்று டீக்கடையிலிருந்து உன்னைப் பார்த்தேன். தொப்பி, பழைய முழுக்கைச் சட்டை, கையில் அட்டை. ஒரு தகரத்தைத் தூக்குகிறாய், பார்க்கிறாய், எழுதுகிறாய், வைக்கிறாய், அடுத்ததுக்குப் போகிறாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அம்மா மாதிரியே இருந்தாய். கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் நடுரோட்டில் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் சண்டை போட்டிருப்பேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார். "பூச்சியக்காவைச் சாப்பிடக் கூப்பிடு, பாம்பு கதை கேக்கணும்" என்கிறார். சின்ன வயதில் உனக்கு நான் வைத்த பட்டப்பெயர் அவர் வாயில் நிலைத்துவிட்டது. பிப்ரவரி ஆகலாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நவம்பர் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்.

சின்னவள்

ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

ஏழு முறையும் முடிந்தது. எழுதி அனுப்பிவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு என்றிருந்த செடி வகை நூற்றிருபதாகி, பறவையும் பட்டாம்பூச்சியும் ஆறு பக்கத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றை யாரும் படிக்க மாட்டார்கள். எல்லோரும் தேடிப் படிக்கப்போகும் வரி ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அரணை எதுவும் காணப்படவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நன்றி என்று எழுதி அனுப்பாதே. வீட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இடுப்பு வலி அதிகமாக இருக்கிறது, நேரே ஊருக்கு வந்துவிட்டேன். அவருக்கு என் அன்பைச் சொல்.

அக்கா

மே 20

என் பூச்சிக்கார அக்காவுக்கு,

நன்றி சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. ஆனால் மண் வெட்டும் இயந்திரம் இரண்டு வந்திருக்கின்றன என்பதைச் சொல்லலாம் அல்லவா. தெருவே வேடிக்கை பார்க்கிறது. பஸ் இல்லாத நாளெல்லாம் இவர் சாயங்காலமாகக் கிளம்பி, மனைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மெஷின்காரருக்கு ரிவர்ஸ் எடுக்க யோசனை சொல்கிறாராம். அவரும் மரியாதைக்குத் தலையாட்டுகிறாராம். வீட்டுக்கு வந்தால் பசி என்கிறார் அக்கா. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத வரவில்லை, நேரில் சொல்கிறேன். ஜூன் மாதம் வா, உனக்குத் தனி அறை ஒழித்து வைக்கிறேன். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி யார் கேட்கப் போகிறார்கள்?

சின்னவள்

ஜூன் 11

சின்னவளுக்கு,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை கிழக்கு மண்மேட்டை வெட்டியபோது அடியிலிருந்து அரணைகள் வந்திருக்கின்றன. மெஷின்காரர் நல்ல மனிதர், தானே இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார். யாரோ படம் எடுத்து அனுப்ப, மறுநாளே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நசுங்கியவை நாற்பத்தொன்று. உயிரோடு எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

இப்போது முதலில் விசாரணை. அது முடியாமல் ஒன்றைக்கூடத் தொட முடியாது. முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிடும். குளிரில் அவை ஆழத்துக்குப் போய்விடும், அடுத்த வருஷம் வெயில் வரும்வரை பிடிக்க முடியாது. அதன் பிறகு மூன்று மாதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் தரைத்தளம் அடுத்த வருஷக் கடைசியில்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வரும் வாரம் விசாரணைக்குப் போகிறேன். அவரிடம் நீயாக மெதுவாகச் சொல்.

அக்கா

ஜூன் 17

அக்கா,

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து விரலைக் காட்டி, "இத்தனூண்டு. நூறாவது இருக்கும். பாவம், எங்க ஓடறதுன்னே தெரியல அதுங்களுக்கு" என்றார். வேலை நின்றது அதற்கு மறுநாள்தான் தெரிந்தது. அப்போது அவர் எழுந்து போனார். காலண்டரில் மடிப்பை நீவிவிட்டார்.

நேரில் சொல்கிறேன் என்றதை இப்போது எழுதுகிறேன், அடித்தாலும் அடி.

நான்தான் செய்தேன். ஏழு நாளும் காலை ஏழு மணிக்கே போனேன். வேலியில் ஒரு கம்பி விட்டிருந்தது, அதன் வழியே நுழைந்தேன். ஐம்பது தகரத்தையும் தூக்கி, இருந்ததைக் கம்பால் தட்டி விரட்டிவிட்டு, வைத்தது தெரியாமல் பழையபடி வைத்தேன். எல்லாம் உன் கடிதத்தில் படித்ததுதான். எந்தக் கிழமை, எத்தனை மணி, ஒரு முறை கலைத்தால் அன்று வராது, எல்லாம் நீயே எழுதியிருந்தாய். முதல் நாள் எட்டு இருந்தது. கடைசி நாள் பத்தொன்பது. நான் எண்ணினேன் அக்கா, உன் தங்கைதானே.

உன் வேலை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவை சாகும் என்றும் தோன்றவில்லை, மெஷின் சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். விசாரணையில் என் பெயரைச் சொல். நானே வந்து சொல்கிறேன். அவரிடம் மட்டும் வேண்டாம். அந்தப் பஸ்ஸில் என் தோளை விட்டால் அவருக்குச் சாய வேறு இடமில்லை.

சின்னவள்

ஜூன் 26

சின்னவளுக்கு,

உன் கடிதம் வருமுன்பே என் மீதான விசாரணை முடிந்துவிட்டது; மனை பற்றிய விசாரணைதான் இன்னும் இழுக்கிறது. கவனக்குறைவு, என் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நான் கணக்கெடுக்கப் போக முடியாது. நீ வந்து எதையும் சொல்ல வேண்டாம்.

நீ எழுதியதில் எனக்குப் புதிதாக இருந்தது எண்ணிக்கை மட்டும்தான். எட்டும் பத்தொன்பதும்.

மூன்றாவது முறை வந்தபோதே தெரிந்துவிட்டது. நான் தகரம் வைத்தால் கோணல்மாணலாகத்தான் இருக்கும். அம்மா என் கையில் மடிக்கத் துணியே கொடுக்க மாட்டாள், நினைவிருக்கிறதா? அன்று ஐம்பதும், புல் வெளுத்திருந்த தடத்தின் மேல் ஓரம் பிசகாமல், போர்வை விரித்த மாதிரி இருந்தன. விளையாட வருகிறவர்களோ திருடர்களோ தூக்கியிருந்தால் அப்படி வைக்க மாட்டார்கள். உலகத்தில் ஒருத்திதான் அப்படி வைப்பாள். ஒன்பதாம் எண் தகரத்தின் அடியில் அறுந்த வால் ஒன்று கிடந்தது. அரணை பயந்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தாளில் பூஜ்யம் என்று எழுதினேன்.

பிறகு நான்கு முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் நீ போய்விட்டாயா என்று வேலிப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். வேறு நாளில், வேறு நேரத்தில் வந்திருந்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். வரவில்லை. இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது.

இப்போது தினமும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றே எழுதியிருந்தால் மே மாதம் பிடிக்கத் தொடங்கி, ஆகஸ்டில் மனையைக் கொடுத்திருப்போம்.

அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள். என்னால் ஆவது ஏதாவது இருந்தால் எழுது. வந்து பஸ்ஸில் கூடப் போகிறேன், உனக்குப் பதில் ஒரு நாள்.

அக்கா

ஆகஸ்ட் 12

அக்கா,

வார்டிலிருந்து எழுதவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று புதன். அவர் வரவில்லை என்றுவிட்டார். திங்கட்கிழமையும் போகவில்லை. "எதுக்கு? ஒரு தேதி இருந்துச்சு, போய்ட்டு வந்தேன். இப்ப தேதியே இல்லையே" என்கிறார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்கிறார். கால் வீங்கியிருக்கிறது.

நீ இப்போது வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிடுவேன்.

சின்னவள்

செப்டம்பர் 3

சின்னவளுக்கு,

மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அவர் போகிறாரா, போகிறார் என்று ஒரு வார்த்தை எழுது. ஒரு வாரத்தில் இரண்டு முறை விட்டால்கூட ஆபத்து என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். நான் சொன்னேன் என்று சொல்லி அவரைக் கூட்டிப் போ. பாம்பு கதை எத்தனை வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று சொல்.

திட்டியாவது எழுது.

அக்கா

அக்டோபர் 28

அக்காவுக்கு,

நீ வந்து எல்லாவற்றிலும் கூட நின்றாய். ஐந்து நாள் இருந்தாய். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய், பாத்திரம் கழுவினாய், என் தலையைக்கூட வாரிவிட்டாய். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசவில்லையே என்று நானும், நான் பேசவில்லையே என்று நீயும் இருந்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் போனது பஸ்ஸில் என்பது வரை உனக்குத் தெரியும். ஆகஸ்டில் போலவே அந்த வாரமும் திங்களும் புதனும் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு வாங்கவும் தானே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் என் தோள் கனத்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றார்கள், ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. நான் மட்டும் உள்ளே அவரோடு இருந்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பி வேலி, ஐம்பது தகரம், கம்பால் தட்டியது, எல்லாம். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூன்று மாதம் தள்ளியிருந்தால் தாங்கியிருப்பீர்களா என்று கேட்டேன். "பிப்ரவரின்னு சொல்லியிருந்தா பிப்ரவரி வரைக்கும் போயிருப்பேன். எனக்கு ஒரு தேதி போதும்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் குற்றம் சொல்வது போல ஒன்றுமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நீ கண்டுபிடித்துவிட்டாய், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாய் என்றும் சொன்னேன். அதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. "அக்கா உன்னைத் திட்டவே இல்லையா?" என்றார்.

நான் பிறந்ததிலிருந்து நீ என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். பென்சில் சீவியதற்குத் திட்டினாய். படிப்பை நிறுத்தியதற்குத் திட்டினாய். லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொள்வேன் என்றபோது ஒரு வருஷம் பேசவே இல்லை. நான் கேட்ட ஒன்றையாவது, சரி சின்னவளே, அப்படியே செய்கிறேன் என்று நீ சொன்னதில்லை. அன்றைக்குத் தகரத்தைப் பார்த்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து, அவர் எதிரிலேயே என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். நான் அழுதிருப்பேன். உன்னைத் திட்டியிருப்பேன், ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அவர் பிப்ரவரிக்கு மடிப்பை மாற்றி வைத்திருப்பார்.

இந்த ஒரு தடவை மட்டும் ஏன் அக்கா நான் சொன்னதைக் கேட்டாய்?

சின்னவள்